பதினேழாம் நம்பர் குழாய்

அந்தத் தொழிற்பேட்டையில் முப்பத்தொரு கம்பெனிகள். துணிக்குச் சாயம் போடுகிறவர்கள், பிஸ்கட் சுடுகிறவர்கள், சோப்புக் காய்ச்சுகிறவர்கள், இரும்புக்கு முலாம் பூசுகிறவர்கள் என்று பலவிதம். முதலாளிகளைக் கேட்டால் எல்லாம் தங்கள் மூளையால் ஓடுகிறது என்பார்கள். தொழிலாளிகளைக் கேட்டால் தங்கள் முதுகால் ஓடுகிறது என்பார்கள். இரண்டு பேருமே ஒரு ஆளை மறந்துவிடுவார்கள். ஆள்கூட இல்லை, பூச்சி. பேட்டையின் கடைசியில் ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி. முப்பத்தொரு கம்பெனியின் கழிவுத் தண்ணீரும் முப்பத்தொரு குழாய் வழியாக அங்கேதான் வரும். தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கோடிக்கணக்கில் உட்கார்ந்து அந்த அழுக்கைத் தின்னும். தின்று முடித்த தண்ணீர்தான் ஆற்றுக்குப் போகும். அவை சாப்பிடுவதை நிறுத்தினால் அன்றைக்கே பேட்டைக்குப் பூட்டு. சட்டம் அப்படி.

இதை நான் அளக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படியே நடந்தது. மூன்று நாள் விடுமுறை முடிந்து ஆட்கள் வந்து பார்த்தால், ஈரமண் வாசனை அடிக்க வேண்டிய தொட்டி செத்த எலி மாதிரி நாறியது. பூச்சிகள் மொத்தமும் காலி. வேறு ஊரிலிருந்து லாரி லாரியாகப் பூச்சிச் சேற்றைக் கொண்டுவந்து கொட்டி, மறுபடி வளர்த்தெடுக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. பத்தொன்பது நாளும் எண்ணூறு பேர் வீட்டில். முப்பத்தொரு முதலாளிகளும் அன்றைக்குத்தான் தங்களுக்குச் சோறு போடுவது யார் என்று தெரிந்துகொண்டார்கள். தெரிந்த வேகத்தில் மறந்தும் போனார்கள்.

ஆனால் யார் தலையிலாவது கட்டியாக வேண்டுமே. முதலாளிகள் சங்கத்துக்குத் தலைவர் பதினேழாம் நம்பர்க் கம்பெனிக்காரர். இரும்புக்கு குரோம் முலாம் பூசுகிறவர். அவர் வழுக்கை, அவர் ஷூ, அவர் கார், அவர் சரக்கு எல்லாமே மின்னுவதால் பேட்டையில் அவருக்குப் பெயர் பளபளா. அவர் ஒரே நாளில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆப்பரேட்டர்!

விடுமுறை நாளில் கழிவு வராது. கழிவு வராவிட்டால் பூச்சிகளுக்குச் சாப்பாடு கிடையாது. அதனால் காலையும் மாலையும் சர்க்கரை ஆலையிலிருந்து வாங்கி வைத்திருக்கும் கறுப்புப் பாகைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். ஆப்பரேட்டர் ஊற்றாமல் தூங்கிவிட்டான், பட்டினியில் பூச்சிகள் செத்துவிட்டன என்று பளபளா சொன்னார். 'கவனக்குறைவு காரணமாகப் பணிநீக்கம்' என்று ஒரே வரியில் கடிதம் கொடுத்தார்கள். பரிசோதனைக்கென்று தொட்டித் தண்ணீர் பிடித்த பாட்டிலும் பளபளா கையில், பரிசோதனை அறிக்கையும் பளபளா கையில். பூசி மெழுகுவதற்கு அவருக்குச் சொல்லியா தர வேண்டும்? பிழைப்பே பூசுவதுதான்.

அந்த ஆப்பரேட்டரின் மனைவிதான் தொட்டியின் லேப் வேலைக்காரி. பேட்டையில் அவளைத் தொட்டிக்காரி என்பார்கள். அவளையும் துரத்தத்தான் பார்த்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் தெரிவது பூச்சியா தூசியா என்று சொல்ல வேறு ஆள் இல்லாததால் விட்டுவைத்தார்கள். அவளுக்கு உண்மை அன்றைக்கே தெரியும். பட்டினி கிடக்கும் பூச்சி மெல்ல மெல்லச் சுருங்கிச் சாகும். அவள் பார்த்தவை ஒரே அடியில் விழுந்திருந்தன. மணி மாதிரித் தலையும் நூல் மாதிரிக் காலும் உள்ள ஜாதி ஒன்று உண்டு. நூல்கள் கிடந்தன, தலைகளைக் காணோம். அது பசி இல்லை, விஷம். பேட்டையில் அந்த விஷம் ஒரே ஒரு கம்பெனியில்தான் இருந்தது. அவள் சொன்னாள். யார் கேட்டார்கள்?

அவள் புருஷன் வீட்டு முன்னறையில் மின்விசிறி ரிப்பேர் பார்க்க உட்கார்ந்தான். யாராவது கதவைத் தட்டினால் எழுந்து பின்பக்கம் போய்விடுவான். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்.

"நான் பாகை ஊத்தினேனா இல்லையா? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

எதிரில் அவளுடைய தம்பி உட்கார்ந்திருந்தான். "விடுங்க மாமா. மனுஷன்னா மறக்கிறது சகஜம்தான்" என்று ஆறுதலாகச் சொன்னான்.

அன்றைக்குத்தான் அவள் வயிறு உண்மையில் எரிந்தது. வேலையைப் பறித்தான், சரி. பெயரைக் கெடுத்தான், சரி. ஒரு மனுஷனுக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கையையே பறித்துவிட்டானே! அந்தப் பளபளா வாயாலேயே, நாலு பேர் கேட்க, உண்மையைச் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்கு இரண்டு வருஷம் வணக்கம் வைத்தாள்.

தம்பி வேலை பார்த்ததும் அந்தப் பதினேழாம் நம்பரில்தான். தொட்டி செத்த அடுத்த மாதம் அவனை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். வாராவாரம் வருவான். மாமாவின் விசிறி வேலைக்கென்று செம்புக் கம்பி, பேரிங் எல்லாம் தன் காசில் வாங்கி வருவான். இப்படி ஒரு தம்பி எவளுக்குக் கிடைப்பான் என்று அவள் அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்வாள்.

அவன் வாயிலிருந்துதான் அந்தச் சேதி வந்தது.

"வர்ற லீவுல எனக்கு மட்டும் லீவு இல்லக்கா. வெளியிலேர்ந்து ரெண்டு பேர் வர்றாங்க. நம்ம சரக்கைப் பெரிய கம்பெனி வாங்கணும்னா, இயற்கையைக் கெடுக்காம தொழில் பண்றோம்னு அவங்க சான்றிதழ் குடுக்கணுமாம். அவங்க ஷோரூமைப் பாத்துட்டு உள்ள வர்றதுக்குள்ள முலாம் தொட்டியெல்லாம் புதுசா நிரப்பி வைக்கணும்னு முதலாளி ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

"பழைய கரைசல் என்னடா ஆகும்?"

"லாரி வந்து எடுத்துக்கும்."

"லீவு நாள்லயா?"

"அதெல்லாம் முதலாளி பாத்துக்குவாருக்கா" என்றான் தம்பி, தட்டைப் பார்த்துக்கொண்டே. முதலாளியைக் காட்டிக்கொடுக்கக் கூச்சப்படுகிறான் என்று அவள் நினைத்தாள்.

லாரி வராது என்று அவளுக்குத் தெரியும். பாட்டிலில் பிடித்துக் காட்டினால் அந்தப் பாட்டில் மறுபடி சங்கத் தலைவர் கைக்குத்தான் போகும் என்பதும் தெரியும். பார்க்க வேண்டியவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் தொட்டிப் பக்கம் ஒரு அடைப்பு வால்வு உண்டு, சக்கரம் வைத்தது. பதினேழாம் சக்கரம் துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு வாரம் தினமும் எண்ணெய் விட்டுத் திருப்பிப் பழக்கினாள். பளபளா போன வருஷம் கட்டிய ஷோரூம், படியிறங்கிப் போனால் கம்பீரமாக இருக்கும் என்று ஒரு அடி தாழ்த்திக் கட்டியது. மழைக்காலத்தில் குழாய் அடைத்தபோது ஷோரூம் பாத்ரூம் வழியாகத்தான் தண்ணீர் மேலே வந்தது. அதைப் போய்ப் பார்த்தவளே அவள்தான்.

விடுமுறையன்று காலையில் பாகைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினாள். "நல்லா சாப்பிடுங்க. இன்னைக்கு உங்களுக்கு விஷம் கிடையாது" என்று வாய்விட்டே சொன்னாள். பிறகு பதினேழாம் சக்கரத்தை இறுக மூடிவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

பத்தரைக்குக் குழாய் சத்தம் போட்டது. தண்ணீர் வேகமாக வந்து அடைப்பில் முட்டி, போக வழியில்லாமல் திரும்பியது. குழாய்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துப் பேசுவானேன்? இரண்டு வருஷத்தில் அவள் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

கால் மணி நேரத்தில் பளபளாவிடமிருந்து போன் வந்தது.

"பதினேழைத் திற! உடனே திற!"

"சார், இன்னைக்கு லீவாச்சே. உங்க குழாய்ல சொட்டுத் தண்ணி வராதுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. அதான் மூடி வச்சு எண்ணெய் போட்டுக்கிட்டிருக்கேன்."

"இப்ப வருது. திற!"

"என்ன தண்ணி சார்? ரெஜிஸ்டர்ல எழுதணும். ஒரு வார்த்தை சொல்லுங்க, திறந்துடறேன்."

"கை கழுவின தண்ணி!"

"எந்தக் கலர்ல சார் இருக்கு?"

போன் வைக்கப்பட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு பதினேழாம் நம்பருக்கு நடந்தாள். ஓடவில்லை. நாலு நிமிஷ நடையை ஏழு நிமிஷமாக நடந்தாள்.

ஷோரூம் வெள்ளைத் தரை பாதிக்குமேல் மஞ்சளாகியிருந்தது. பாத்ரூம் கதவுக்கடியிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது. சுவரில் பச்சை இலை படம் போட்டு 'இயற்கையோடு இணைந்த வளர்ச்சி' என்று ஒரு பலகை. அதற்கு எதிரே, வந்த விருந்தாளிகள் இருவரும் படியில் ஏறி நின்றிருந்தார்கள். கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி, கையில் கேமராவோடு ஒருவர். தம்பி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு துடைப்பானால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"இது என்ன?" என்று கேட்டாள் கண்ணாடிக்கார அம்மாள்.

"ஒண்ணுமில்ல மேடம், சின்னத் தப்பு" என்று பளபளா சிரித்தார். தம்பியைக் கை காட்டினார். "இந்த சூப்பர்வைசரோட கவனக்குறைவு. இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

தொட்டிக்காரி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத் தயாராக வந்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி துடைப்பானை வீசி எறிந்தான்.

"யாரோட கவனக்குறைவு? லாரிக்கு எதுக்குத் தண்டம், குழாய்ல விடுன்னு சொன்னது யாரு? ரெண்டு வருஷம் முன்னாடியும் நீங்கதான் சொன்னீங்க, நான்தான் திறந்தேன்! அப்ப மாமா தலையில கட்டினீங்க. வாயை மூடிக்கிட்டிருன்னு எனக்கு சூப்பர்வைசர் வேலை குடுத்தீங்க. இப்ப என் தலையிலயேவா?"

கத்தி முடித்த பிறகுதான் வாசலில் அக்கா நிற்பதைப் பார்த்தான்.

அவளுக்கு 'நான்தான் திறந்தேன்' என்ற இரண்டு வார்த்தை மட்டுமே காதில் நின்றது. செம்புக் கம்பி. பேரிங். வாராவாரம் மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போடுக்கா என்று வாங்கிச் சாப்பிட்டவன். இடிந்து உட்கார்ந்து அழத்தான் தோன்றியது. ஆனால் வந்த வேலை பாக்கி இருந்தது.

பளபளா அவளைப் பார்த்துக் கை கூப்பினார். "அம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், திறந்து விடும்மா."

"என்ன தண்ணின்னு சொல்லுங்க சார்."

தண்ணீர் அவருடைய பளபள ஷூவைத் தொட்டது. "குரோம்..." என்று முனகினார்.

"அவங்களுக்குக் கேக்கல."

"பழைய குரோம் கரைசல்! போதுமா?"

"அன்னைக்கும் இதேதானே?"

"ஆமா" என்று அவர் தலையை ஆட்டினார். கண்ணாடிக்கார அம்மாள் எழுதிக்கொண்டாள். தரையிலிருந்து தன் சொந்தப் பாட்டிலில் பிடித்து, தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். தொட்டிக்காரி திரும்பிப் போய், அவசரத்துக்கென்று தனியாக இருக்கும் காலிக் குழியின் பக்கம் பதினேழைத் திறந்துவிட்டாள். பூச்சிகளுக்கு ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை.

அந்த வாரமே அரசாங்க ஆட்கள் வந்து பதினேழுக்கு சீல் வைத்தார்கள். பத்தொன்பது நாள் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்த மற்ற முப்பது முதலாளிகளும் பளபளாவைச் சங்கத்தில் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். ஆப்பரேட்டரைத் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அவள் நினைத்ததெல்லாம் நடந்தது. நினைக்காத ஒன்றும் நடந்திருந்ததால் அவளுக்கு நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டப்பட்டது. தம்பி. கையில் வழக்கம்போல் செம்புக் கம்பிப் பெட்டி. அவள் வாயெடுப்பதற்குள் புருஷன் முன்னால் வந்தான். கதவு தட்டினால் பின்பக்கம் போகிறவன், வாசலுக்கே வந்தான்.

"மாமா, வேலை போயிடும்னு பயந்துட்டேன் மாமா. புள்ளைங்க இருக்கு..."

புருஷன் உள்ளே போனான். ரிப்பேர்ப் பெட்டியின் அடியிலிருந்து நாலாக மடித்த பழைய காகிதத்தை எடுத்துவந்து மைத்துனன் கையில் வைத்தான். பணிநீக்கக் கடிதம்.

"ரெண்டு வருஷமா பத்திரமா வச்சிருந்தேன். இனிமே நீ வச்சுக்கோ. பேரை மட்டும் மாத்திக்கோ."

"மாமா, மன்னிச்சுடுங்க..."

"நான் பாகு ஊத்தினேனா இல்லையான்னு உன்கிட்டதான் மச்சான் கேட்டேன்." குரல் உயரவே இல்லை. "போயிட்டு வா. நீ வந்துட்டுப் போனதைச் சீக்கிரம் மறந்துடுவேன். மனுஷன்னா மறக்கிறது சகஜம்தான்."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவளுக்கு வலித்தது. தூக்கி வளர்த்தவள் அவள். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் உள்ளே வந்திருப்பான். அவள் செம்புக் கம்பிப் பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே அவள் புருஷன் மறுநாளைக்காகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.