சத்தம் போடாத சக்கரம்

எங்கள் கூடத்தில் மரத்தரை போட்டது என் பிடிவாதம். அதன்மேல் நாற்காலியை உருட்டிக் கோடு கோடாகக் கீறியது என் கணவரின் கைங்கரியம். வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறவர். எது வேண்டுமானாலும் உட்கார்ந்தபடியே உருண்டு போய்த்தான் எடுப்பார்.

"இன்னொரு கோடு விழுந்துச்சு, நாற்காலி மொட்டை மாடிக்குப் போயிடும். நீங்க ஸ்டூல்ல உக்காந்துக்கலாம்" என்றேன்.

முட்டை வாங்கிவரச் சொன்னாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனிதர், நாற்காலிக்குக் கீறாத சக்கரம் வாங்க முதல் ஆளாகக் கிளம்பினார். கடைக்காரர் நீட்டியதையெல்லாம் நகத்தால் அழுத்திப் பார்த்தார். "பிளாஸ்டிக் வேணாங்க. கட்டியா இருக்கும், அடியில மண்ணு மாட்டுனா தரையத் தேச்சிடும். ரப்பர் மாதிரி மெத்துனு குடுங்க" என்று அவருக்கே பாடம் எடுத்தார். மேசைமேல் உருட்டி, குனிந்து காதை வைத்துக்கூடக் கேட்டார். வீட்டுக்கு வந்து பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைத் தானே மாட்டினார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்கு போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

அப்புறம் தரையில் ஒரு கோடுகூட விழவில்லை. ஆனால் இவருக்குச் சர்க்கரை எகிறிவிட்டதாக ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இதே சர்க்கரையில்தான் இவர் அண்ணன் கால்விரல்களைப் பறிகொடுத்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளின் பிஸ்கட் டப்பாவை எங்கே ஒளித்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார் என்பதால், சமையலறையில் நின்றாலும் என் காது கூடத்தில்தான் இருக்கும். அலமாரிப் பக்கம் சக்கரம் 'கர்ர்' என்றால் "என்ன அங்க?" என்பேன். திரும்பிப் போய்விடுவார். இப்போதெல்லாம் அந்தக் 'கர்ர்' எங்கே கேட்கிறது? அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் எட்டிப் பார்த்தேன். வாயில் ஒரு பிஸ்கட், கையில் ஒன்று. நாற்காலி பூனை போல மேசைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"தரைக்காகத்தானே இந்தச் சக்கரம்?"

"தரைக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார், மென்றுகொண்டே.

சிரித்துவிட்டேன். உடனே அண்ணன் விந்தி விந்தி நடப்பது ஞாபகம் வந்து அழுகையும் வந்துவிட்டது. "விரல் போனா ஒட்ட வைக்க முடியாதுங்க" என்றேன். மெல்லுவதை நிறுத்தினார். ஆனால் கையிலிருந்ததைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் நானே கடைக்குப் போனேன். "இருக்கறதுலயே அதிகமா சத்தம் போடற சக்கரமாக் குடுங்க."

கடைக்காரர் பதறினார். "அது பிளாஸ்டிக் சக்கரம்மா. மரத்தரையக் கீறிடுமே."

"கீறட்டும். தரைக்குப் பாலிஷ் போட்டுக்கலாம். என் வீட்டுக்காரருக்கு எங்க போய்ப் போடறது?"

மாட்டிய அன்றைக்கே அலமாரிப் பக்கம் 'கர்ர்' என்றது. பளபளவென்று கிடந்த தரையை நினைத்து வயிறு எரிந்தது.

"என்ன அங்க?" என்றேன்.

தரையைக் கீறிக்கொண்டே நாற்காலி மேசைக்குத் திரும்பியது. நான் நிம்மதியாக வெங்காயம் நறுக்கினேன்.