பார்த்தவர் யார்

மத்தியானச் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைப்பதற்குள் எஸ்தர் கூப்பிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு. சகாய பிரவீன் எச்சில் கையோடு போனை எடுத்தான்.

“பிரவீனு, என் பேர எடுத்துரு. எல்லாத்துலயும்.”

எதில் என்று அவன் கேட்கவில்லை. இருவரும் சென்னையில் ஒரே கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்கள். அங்கேதான் அவன் அந்தக் கருவியை எழுதினான். வலைப்பக்கத்தில் வரும் பட்டன், காலண்டர் போன்ற துண்டுகளைச் சரிபார்த்து, சுருக்கி, வெளியிடத் தயார் செய்யும். கருப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டினால் போதும். கடைசியில் மட்டும் ஒன்று கேட்கும்: பார்த்தவர் யார்? கொடுத்த பெயர் எல்லோரும் பார்க்கும்படி துண்டோடு பதிந்துவிடும். செய்தவன் பெயரையே கொடுத்தால் ஏற்காது. இன்னொருவர் பார்க்காமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று அவனே வைத்த விதி. அப்போது பக்கத்து நாற்காலியில் எஸ்தர் இருந்தாள். திரையை அவள் பக்கம் திருப்புவான்.

வேலையை விட்டுச் சொந்த ஊரான காமயகவுண்டன்பட்டிக்கு வந்த பிறகு, வெளிவேலை எடுத்துத் தனியாகச் செய்தான். கருவி கேட்டபோதெல்லாம் அவள் பெயரையே தட்டினான். அப்படித் தட்டுவது அவனுக்குப் பிடித்திருந்தது.

“புது வேலைக்கு இன்டர்வியூ போனேன். நீ போட்ட காலண்டர்ல பிப்ரவரிக்கு முப்பது நாள் வருதாம். பாத்தது நீங்கதானன்னு கேக்குறாக. நாளைக்கு மறுபடி வரச் சொல்லிருக்காக. நான் என்னத்தச் சொல்ல?”

“இன்னைக்கே திருத்திர்றேன். ஆனா அது ஒரு பேரு கேக்கும்.”

“எழுதுனதே நீதான. கேக்காதன்னு சொல்லு. அங்கன வேற ஆளே இல்லையா?”

“இருக்காக.”

“அப்ப அவுகளக் காட்டிட்டுப் போடு.”

பிப்ரவரியைத் திருத்த அதிக நேரம் ஆகவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினான். அப்பா பீட்டர்ராஜ் திராட்சைக்கு மயில்துத்தம் என்ற நீல மருந்து அடித்த டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தார். அவன் வேலையை விட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சு குறைவு.

“அப்பா, இது சரியா இருக்கான்னு பாக்கணும்.”

அவர் கையை லுங்கியில் துடைத்துவிட்டுக் குனிந்தார். திரையில் ஒரு தேதியை விரலால் அழுத்தினார். அது தொடுதிரை அல்ல; ஒன்றும் நடக்கவில்லை.

“இதுல என்னலே தப்பா இருந்துச்சு?”

“நாள் கூட வந்துச்சு. இப்ப இல்ல. பாத்ததா உங்க பேரப் போட்டுக்கிறவா?”

“தெரியாத சரக்குக்கு நான் எதுக்குலே பேரு குடுக்க? தெரிஞ்ச ஆளக் கேளு.”

குழாயைத் திறந்துவிட்டார். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு பேச முடியாது.

மாடிக்கு வந்து போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தான். பாதிப் பேருக்கு அவன் ஊருக்கு வந்ததே தெரியாது. கருவியைத் திறந்தான். கேள்வி கேட்கும் வரிகளை அழித்தான். துண்டுகளை ஒவ்வொன்றாக மறுபடி ஓட்டினான். சரிபார்த்தது, சுருக்கியது, எதுவும் கேட்காமல் வெளியே அனுப்பியது. செய்தவன் பெயர் மட்டும் இருந்தது.

‘எடுத்தாச்சு’ என்று எஸ்தருக்கு அனுப்பினான். பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடுகள் காட்டின.

அவன் எதையும் தொடாததால் திரை தானாக அணைந்தது. இருண்ட கண்ணாடியில் அப்பாவின் விரல் பட்ட இடம், ரேகை ரேகையாக, வெளுத்த நீலத்தில் காய்ந்திருந்தது.