தலைவர் அவர்களே

லூசியஸ் கேட்ஸ்டன் எங்கள் மாவட்டத்துக் குடியரசுக் கட்சிக்குப் பதினெட்டு வருடம் தலைவர். நான் செயலாளர். ஜார்ஜியாவின் இந்த மூலையில் கட்சி என்றால் நாங்கள் பதின்மூன்று கறுப்பர்கள்தான். அவர் இறுதிச் சடங்கு நடத்துபவர், நான் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்பவள். வெள்ளைக்காரன் கையில் கூலி வாங்காதவர்கள்தானே இங்கே வாய் திறக்க முடியும்? லிங்கன் காலத்திலிருந்து அது எங்கள் கட்சி. ஜனநாயகக் கட்சி வெள்ளைக்காரர்களுடையது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கில் அவர்களுடைய ஜனாதிபதியே எங்களுக்கு உரிமைச் சட்டம் கொண்டுவரக் கிளம்பினார். அவர்களுக்கு வயிறு எரிந்தது. கும்பலாக வந்து எங்கள் கட்சியைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று என் கடைக்கு வந்த ஒருத்தி சொன்னாள்.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் நடக்கவிருந்த சனிக்கிழமை காலையில் லூசியஸ் அண்ணனிடம் கெஞ்சினேன். "கதவைப் பூட்டிடுங்கண்ணே."

"பேப்பர்ல அறிவிப்பு குடுத்திருக்கோம் அர்செல்லா. யாரு வந்தாலும் உக்காந்து ஓட்டுப் போடலாம். சட்டம் சட்டந்தான்."

எனக்கு எரிச்சலாக வந்தது. மனுஷன் இவ்வளவு நல்லவராக இருந்தால் எப்படி?

பத்து மணிக்கு நாற்பத்தொரு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவருடைய கூடத்தில், துக்கத்துக்கு வருபவர்களுக்குப் போடும் நாற்காலிகளில் உட்கார்ந்து, அவர் பெயர் அச்சடித்த விசிறியால் விசிறிக்கொண்டார்கள். தீவனக் கடை டேல் கிரட்ச்ஃபீல்டு தொப்பியைக்கூடக் கழற்றாமல் கத்தினான்.

"லூசியஸ், எறங்குடா. இனிமே நாங்க பாத்துக்கறோம்."

தலைவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேச யாரும் அனுமதி கேக்கல. அடுத்த விஷயம்."

"டேய், உன்னைத்தான்!"

"அடுத்த விஷயம்."

எங்கள் கட்சி விதி அப்படி. பேசுகிறவர் எழுந்து, தொப்பியைக் கழற்றி, "தலைவர் அவர்களே" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் பேச்சு குறிப்பில் ஏறாது. நிகழ்ச்சி நிரலில் மூன்றே விஷயங்கள் பாக்கி. அதற்குள் யாரும் தீர்மானம் கொண்டுவராவிட்டால் இன்னும் இரண்டு வருடத்துக்கு அவரே தலைவர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கூட வந்த வக்கீல் பையன் கிரட்ச்ஃபீல்டின் காதில் கிசுகிசுத்தான். "அப்படித்தான் சொல்லணும் சார். இல்லேன்னா கோர்ட்ல நிக்காது."

கிரட்ச்ஃபீல்டு எழுந்தான். தொப்பி இறங்கியது. முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"தலைவர்... அவர்களே."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. செயலாளர் அம்மா எழுதணும்ல."

"தலைவர் அவர்களே!"

"சொல்லுங்க, திரு கிரட்ச்ஃபீல்டு."

அவரை நீக்கும் தீர்மானம் வந்தது. தலைவருக்கு ஓட்டு கிடையாது. கையைத் தூக்கி ஓட்டுப் போடும் வழக்கமும் எங்களிடம் இல்லை. பெயரைக் கூப்பிட்டதும் ஒவ்வொருவரும் எழுந்து, அதே மரியாதையோடு சொல்ல வேண்டும். நான் அவசரமே படாமல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். பிறந்ததிலிருந்து ஒரு கறுப்பனையும் மரியாதையாகக் கூப்பிட்டறியாத நாற்பத்தொரு வாய்கள், ஒவ்வொன்றாக, "தலைவர் அவர்களே" என்றன. ஒரு கிழவனுக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்து, மறுபடி சொல்ல வைத்தேன். அப்படியொரு பெருமையை என் ஆயுசில் நான் அனுபவித்ததில்லை.

"ஆதரவு நாப்பத்தொண்ணு, எதிர்ப்பு பன்னெண்டு. தீர்மானம் நிறைவேறியது" என்று அவரே அறிவித்தார். குரல் பிசிறவில்லை. பிறகு மேசையைச் சுற்றி வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"கட்சி உங்களோடது. கட்டடம் என்னோடது. கெளம்புங்க."

விசிறிகளை நாற்காலிகளில் போட்டுவிட்டுப் போனார்கள். எங்களில் யாரும் எழவில்லை. எங்கள் முன்னோர் உயிரைக் கொடுத்துக் காத்த கட்சி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

"அர்செல்லா, புதுத் தாள் ஒண்ணு எடும்மா. மேல ஜனநாயகக் கட்சின்னு எழுது."

பேனா நின்றுவிட்டது. "என்னண்ணே சொல்றீங்க? எங்கப்பாவ ஓட்டுச்சாவடி வாசல்ல அடிச்சுப் போட்டவங்க கட்சிண்ணே அது."

"அடிச்சவங்கதான் இப்ப நம்ம வாசல்ல வண்டி ஏறிட்டிருக்காங்களே. அங்க யாரு இருக்கா? நாம போயி உக்காருவோம்."

ஜன்னல் வழியே பார்த்தேன். கடைசி வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. கட்சிப் பெயரை எழுதினேன். அதன் கீழே, வந்திருப்பவர்கள் என்று போட்டு, முதலில் என் அப்பாவின் குடும்பப் பெயரோடு என் பெயரை எழுதினேன்.