வாய்ப்பு

பொன்னுரங்கம் மாமா அரிவாளைத் தீட்டி வைத்துவிட்டுத்தான் அனுப்பிரியாவைத் தோப்புக்கு அழைத்தார். பெங்களூரில் ஒரு கம்பெனியின் சர்வர், சூப்பர் கம்ப்யூட்டர் வியாபாரம் முழுவதும் அவள் பொறுப்பு. தீபாவளிக்கு வர முடியாமல் போய் இப்போதுதான் பண்ருட்டிக்கு வந்திருந்தாள். வந்த மறுநாளே வங்கக்கடலில் புயல். 2011-இல் வந்த 'தானே' புயலில் பழைய முந்திரித் தோப்பு வேரோடு சாய்ந்தபின் மாமா நட்ட கன்றுகள் இப்போதுதான் நல்ல காய்ப்புக்கு வந்து, செந்துளிர் விட்டு நின்றன. கிளையைக் கழித்தால் காற்றுக்கு மரம் தப்பும், ஆனால் இந்த வருடம் காய்ப்பு இல்லை. கழிக்காமல் விட்டுப் புயலும் வந்தால் மரமே போய்விடும்.

"புயலு கணிக்கிற மெஷினு நீதான விக்கிற? வருமா வராதா, சொல்லு."

"நூத்துக்கு அறுவது நம்ம பக்கந்தான் கரை கடக்கும்ங்கறாங்க மாமா."

"அறுவதுன்னா வருதா?"

"வாய்ப்பு ஜாஸ்தின்னு அர்த்தம்."

"டிவியிலயும் அதான் சொல்றான். நல்லது நடக்கறதுக்குல்ல வாய்ப்பும்பாங்க. மரம் சாயறதுக்குமா?"

அனுப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. புயல்கள் பெருகுகின்றன, வானிலைக் கணினிகளுக்குக் கிராக்கி கூடும், நமக்கு இது பெரிய வாய்ப்பு என்று போன வாரம்தான் மீட்டிங்கில் பேசிக் கைத்தட்டல் வாங்கியிருந்தாள். அங்கே யாரும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளவில்லை. கணிப்பு பொய்த்தாலும் பதில் சொல்ல வேறு ஆட்கள் இருந்தார்கள்.

"உந்தோப்பா இருந்தா என்னா பண்ணுவ?"

இந்தக் கேள்வியை எந்த வாடிக்கையாளரும் அவளிடம் கேட்டதில்லை.

"கழிச்சிடுவேன் மாமா."

மாமா அரிவாளை எடுத்துக்கொண்டு கூலியாட்களைக் கூப்பிட்டார். ஆட்களோடு மரமேறிவிட்டார்.

மதியத்துக்குள் பாதித் தோப்பு மொட்டை. அப்போது பார்த்து போனில் புது அறிவிப்பு வந்தது. புயல் வடக்கே திரும்புகிறதாம், ஆந்திரா பக்கம் போகலாமாம், கடலூருக்கு இப்போது வெறும் முப்பதுதான். செம்மண்ணில் கிடந்த கிளைகளை மிதிக்காமல் போகப் பார்த்தாள், முடியவில்லை. மிதித்துக்கொண்டே போய்ச் சொன்னாள்.

"அப்ப வராதுங்கற."

"வரலாம் மாமா. வாய்ப்பு…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். "எனக்குத் தெரியல."

"காலையிலயே அத சொல்லியிருக்கலாம்ல?"

குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மாமா இறங்கி, ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அரிவாள் படாத மரம் ஒன்றின் அடியில் உட்கார்ந்தார்.

அவள் கீழே கிடந்த ஒரு கிளையை எடுத்தாள். துளிர் இன்னும் வாடவில்லை. சும்மா இருக்க மாட்டாமல் போனை மறுபடி திறந்தாள், மூடினாள், திறந்தாள். அந்த முப்பது திரும்ப அறுபதாகிவிடாதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. தன் வார்த்தை பலிக்க ஒரு புயல் வேண்டியிருக்கிறது! மாமா சாய்ந்திருந்த மரத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

போனைக் கவிழ்த்து வைத்தாள். தோப்பின் கிழக்கு மூலையில், கடல் இருக்கும் திசையில், இலைகள் மெல்லச் சலசலத்தன. இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.