சொக்லேற்றோடு வந்த ஊசிமருந்து

திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கும் ஆழ்வாப்பிள்ளை, முதல் கிழமை நிமலினி ரீச்சருக்கு இரண்டு பச்சைமிளகாய் கூடப் போட்டார். அடுத்த கிழமை ஒரு பிடி கறிவேப்பிலையும் சேர்ந்தது. மூன்றாம் கிழமை கடையில் அவருடைய மனைவி இருந்தார். மிளகாயை நிறுத்துத்தான் கொடுத்தார்.

குற்றம் முழுக்க நிமலினியின் இடக்கண்ணுடையது. ஆறு மாதமாக அது யாரையும் கேட்காமல், கண்ணடிப்பதுபோல மூடித் திறக்கிறது. கூடவே வாயோரமும் இழுக்கிறது. ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கான் பண்ணிப் பார்த்த பெண் டொக்டர், முகத்து நரம்பில் கோளாறு என்றார்.

"கண்ணைச் சுத்திக் கொஞ்சமாய் பொட்டுலினம் ஊசி போடுவம். ரண்டு கிழமைக்குள்ளை இழுவை குறையும். மூண்டு நாலு மாதத்தாலை திரும்பப் போடோணும். அடிப்படையிலை இது நஞ்சு ரீச்சர். அளவும் இடமும் பிசகக் கூடாது."

விழுங்கக் கஷ்டம் உண்டா, தசை பலவீனமாகும் வருத்தம் ஏதும் உண்டா, வேறு என்ன குளிசை போடுகிறார் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, அடுத்த மாதம் பதினான்காம் திகதி வரச் சொன்னார். அதே கிளினிக்கில் குருநகர் யாகோப்பு இருந்தார். பாரிசவாதம் வந்து இறுகிப்போயிருந்த அவருடைய கை, இதே ஊசியாலும் பயிற்சியாலும் இளகியிருந்தது. "அஞ்சும் இருக்கு, எண்ணிப் பாருங்கோ ரீச்சர்" என்று விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார்.

ஆனால் அண்ணன் மகன் ஜொனதனின் கலியாணம் பதினான்காம் திகதிக்காகக் காத்திருக்கவில்லை. அது இந்தச் சனிக்கிழமை. குடும்பக் கலியாணங்களில் இருபது வருடமாக வேதபாடம் வாசிப்பது நிமலினிதான். இந்த முறையும் வாசிக்கத்தான் அவருக்கு ஆசை. லண்டனிலிருந்து வந்திறங்கிய மாப்பிள்ளையின் தாய் சீலாவுக்கோ வேறு கவலை.

புதன்கிழமை பின்னேரம் சீலா மச்சாள் அவசரமாக வரச் சொன்னாள். போனால், நல்லூரில் அழகுநிலையம் நடத்தும் றஜிதா கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"உனக்காகத்தான் கொண்டு வந்தனான்" என்று சீலா ஒரு சின்னப் பெட்டியை நீட்டினாள். "டொக்டர் சொன்ன அதே பொட்டுலினம்தான், ஒன்லைனிலை எடுத்தது. சூட்கேசுக்குள்ளை சொக்லேற்றோடை சொக்லேற்றாய் வைச்சுக் கொண்டந்தனான். ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை!"

"சொக்லேற் எப்பிடி மச்சாள்?"

"அதை ஏன் கேக்கிறாய்? கொழும்பிலை ரண்டு நாள் நிண்டதிலை எல்லாம் உருகிப்போச்சு. வந்த உடனை ஃபிறிட்ஜிலை வைச்சிட்டன்."

"இதை?"

"இது சூட்கேசிலைதான் கிடந்தது."

பரீட்சைத்தாள் திருத்தும் கண்ணோடு நிமலினி பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். குளிரில் வைக்க வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. தொகுதி இலக்கம் இருக்க வேண்டிய இடத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள்.

"பயப்பிடாதேங்கோ ரீச்சர்" என்றாள் றஜிதா. "ரண்டு நாள் கோஸ் முடிச்சனான். போன மாதம் ஒரு அக்காவுக்குப் போட்டு இமை கொஞ்சம் இறங்கினது. மற்றும்படி ஒரு பிரச்சினையும் இல்லை."

"விழுங்க, கதைக்க, மூச்சுவிடக் கஷ்டம் வந்தால் உடனை ஆஸ்பத்திரிக்கு ஓடி வரச்சொல்லி டொக்டர் சொன்னவா. அப்பிடி வந்தால் நீ என்ன செய்வாய் பிள்ளை?"

றஜிதா யோசித்தாள். "சுடச்சுடத் தேத்தண்ணி குடுக்கலாம்."

"விழுங்க ஏலாத ஆளுக்கோ?"

சீலாவுக்குப் பொறுக்கவில்லை. "சபைக்கு முன்னாலை நிண்டு பாஸ்ரருக்குக் கண்ணடிக்கப் போறியே? சனம் என்ன சொல்லும்? ஏலாட்டி விடு, வேதபாடத்தை வேறை ஆரும் வாசிக்கட்டும்."

"இண்டைக்குப் போட்டாலும் சனிக்கிழமைக்குள்ளை இது வேலை செய்யுமெண்டு நிச்சயமில்லை மச்சாள். அதுக்குச் சூட்டிலை கிடந்த மருந்தை முகத்திலை ஏத்தவோ? வேதபாடம் நான்தான் வாசிப்பன். இந்தக் கண்ணோடைதான் வாசிப்பன். பெட்டியையும் டொக்டரிட்டைக் குடுக்கப்போறன்." பெட்டி அவருடைய கைப்பைக்குள் போனது.

சனிக்கிழமை தேவாலயம் நிறைந்திருந்தது. நிமலினி முன்னால் போய் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

"எனக்கு நரம்பு வருத்தம். இடக்கண் தானாய் மூடும். ஆரும் பதிலுக்குக் கண்ணடிக்கத் தேவையில்லை."

முதலில் சிரித்தவர் பாஸ்ரர்தான். பிறகு கண் பதினொரு தரம் மூடித் திறந்தது. வாசிப்பில் ஒரு பிழை வரவில்லை.

விருந்தில் சீலா கேக்கோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மிச்சத்தை என்ரை நெத்திச் சுருக்கத்துக்குப் போடத்தான் இருந்தனான். விழுங்க ஏலாது எண்டு நீ சொன்னதுக்குப் பிறகு நித்திரையே இல்லை. எண்டாலும் நிமலினி, சனம் சிரிச்சது உனக்கு வெக்கமாயில்லையே?"

நிமலினி கேக்கைக் கடித்து, ஆறுதலாக மென்று, வடிவாக விழுங்கினார்.

"ஊசிக்கு எனக்குப் பயமில்லை மச்சாள். பதினாலாம் திகதி நானே போய் முகத்தை நீட்டுவன். ஆனால் வெக்கத்துக்காக ஊசி போடக்கூடாது. வருத்தத்துக்குத்தான் போடோணும். அதையும் எங்கையிருந்து வந்ததெண்டு தெரிஞ்ச மருந்தாலை, படிச்ச டொக்டர்தான் போடோணும்."

சொல்லி முடிய இடக்கண் மூடித் திறந்தது. பிறகு வலக்கண்ணும் ஒரு தரம் மூடித் திறந்தது. வலக்கண்ணில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை.