ஒரு வரி இடம்

அழைப்பிதழ் அடிக்க வருகிறவர்கள் முதலில் சுவரைப் பார்ப்பார்கள். கனத்த பருத்தித் தாளில் எழுத்து ஆழப் பதிந்த கல்யாணக் கார்டுகள், பெயர் பொறித்த கடிதத் தாள்கள், குழந்தை பிறந்த சேதி சொல்லும் சின்ன அட்டைகள் எல்லாம் அங்கே தொங்கும். பிறகு ஒன்றை எடுத்து விரலால் தடவுவார்கள். அன்று வந்த பெண் சுவர்ப் பக்கமே திரும்பவில்லை. அச்சகக்காரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உக்காரும்மா. என்ன அடிக்கணும்?”

“கல்யாணக் கார்டு. எனக்குத்தான்.” அவள் கைப்பையின் வாரை முறுக்கினாள். “மாப்பிள்ளை யாருன்னு சொன்னா என்னை வெளியே அனுப்பிட மாட்டீங்களே?”

“மாப்பிள்ளை திருடனா இருந்தாலும் அடிச்சுக் குடுப்போம்மா,” என்று உள்ளேயிருந்து மெஷின்காரர் குரல் கொடுத்தார். “பேரைத் தப்பில்லாம போடுவோம். போலீஸுக்கு வசதியா இருக்கும்.”

அந்தப் பெண் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. “உங்க பையன்தான் அத்தை,” என்றாள்.

அச்சகக்காரி கையிலிருந்த மைத்துணியை மேசைமேல் வைத்தாள். மகன் அவளோடு பேசிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. கணவர் போன பிறகு இந்த அச்சகத்தைத் தனியாகத் தாங்கிப் பிடித்தவள், தன்னிடம் டிரெடில் அச்சு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த இந்த மெஷின்காரரையே கடைசியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். சேதி கேட்டு வந்த மகன் அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு போனும் இல்லை, வரவும் இல்லை.

மெஷின்காரர் நல்ல மனிதர். முதலாளியம்மாவாக இருந்தவளை வீட்டில் ‘நீ’ என்று கூப்பிட எப்படியோ பழகிக்கொண்டார். மெஷின் பக்கத்தில் நின்றால் மட்டும் இன்றும் ‘நீங்க’தான் வரும்.

அந்தப் பெண் வாசகத்தை எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய தாய் தந்தை பெயர்கள் இருந்தன. மாப்பிள்ளை பக்கத்தில் காலஞ்சென்ற தகப்பனார் பெயர் மட்டும் இருந்தது. அச்சகக்காரி இரண்டு முறை படித்தாள். இல்லாததை எத்தனை முறை படித்தாலும் இல்லாததுதான்.

“இங்க அடிக்கறது அவருக்குத் தெரியாது. உங்க கையால வரட்டும்னு எனக்குத்தான் ஒரு ஆசை,” என்ற பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அவங்க அப்பா பேருக்குக் கீழ உங்க பேரையும் சேர்த்துடுங்க அத்தை. அப்புறம் நான் சொல்லிக்கறேன்.”

“அவனைக் கேக்காமயா?”

“கேட்டா வேண்டாம்பாரு.”

“அப்ப வேண்டாம்னுதானே கண்ணு அர்த்தம்?”

அப்படிச் சொன்னவள்தான், பெண் போன பிறகு அந்த வரியைக் கோத்தாள். தன் பெயரை இத்தனை வருடத்தில் ஒரு தாளிலும் அவள் அடித்துக்கொண்டதில்லை. எழுத்து எழுத்தாக எடுத்து, இறந்துபோன கணவரின் பெயருக்குக் கீழே வைத்து, பக்கம் முழுவதையும் இரும்புச் சட்டத்தில் இறுக்கினாள். மெஷின்காரர் வந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு மிக அருகில் குனிந்து பார்த்தார். கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும் ஈய எழுத்தைப் படிப்பது இருவருக்கும் கைவந்தது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

“நல்லாத்தான் இருக்கும். திருட்டுத்தனமா உள்ள போய் உக்காந்தா நாற்காலி நல்லாத்தான் இருக்கும்.”

சட்டத்தைத் தளர்த்தி, அந்த வரியை எடுத்துவிட்டாள்.

“அப்ப கீழ் வரியையெல்லாம் மேல ஏத்திடுங்க. நடுவுல பல்லு விழுந்த மாதிரி இருக்கு.”

“இருக்கட்டுங்க. ஒருவேளை அவனே மனசு மாறி, சேர்த்துக்கங்கன்னு சொல்லிட்டா? மத்த வரியை அசைக்காம உள்ள வச்சுடலாம்.”

“சொல்லுவானா?”

“மாட்டான்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவருக்குத் தெரியாது. மெஷினுக்கு எண்ணெய் விடப் போனார்.

அச்சுவேலையில் சும்மா கிடக்கும் இடம் என்று ஒன்று கிடையாது. தாளில் வெள்ளையாகத் தெரிகிற இடத்துக்குப் பின்னாலும் ஈயக்கட்டைதான் இருக்கிறது. எழுத்தைவிடக் குட்டையான கட்டை. அதனால் மை தொடாமல் பதுங்கியிருக்கும். அதையும் எழுத்தைப் போலவே இறுக்கி அடைக்க வேண்டும். கொஞ்சம் இளகிவிட்டால், மெஷின் ஒவ்வொரு முறை தட்டும்போதும் கட்டை மயிரிழை மயிரிழையாக மேலே ஏறும். ஏறி ஏறி எழுத்தின் உயரத்துக்கு வந்து, தானும் மை பூசிக்கொண்டு தாளில் கறுப்பாக விழும்.

இது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று அவள் வெற்றுக்கட்டைகளை அவசரமாக வரிசையில் செருகினாள். ஓரத்தில் கொஞ்சம் ஆட்டம் இருந்த இடத்தில் ஒரு காகிதத் துண்டை மடித்து வைத்தாள்.

“தூக்கிக் குலுக்கிப் பார்த்துடட்டுமா?” என்று கேட்டார் மெஷின்காரர்.

“நான் பார்த்துட்டேன்.”

அவள் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தை இன்னொரு முறை கையில் ஏந்த அவளால் முடியவில்லை.

மெஷின்காரருக்குக் கண்ணில் புரை விழுந்து, கண்ணோடு ஒட்டிப் பிடிக்காவிட்டால் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஓட்டுவது அவர், பார்ப்பது அவள் என்றுதான் சில மாதங்களாக வேலை நடந்துவந்தது. சொல்லி வைத்த தாள் சில நாளில் வந்து சேர்ந்தது. முதல் கார்டை அடித்ததும் அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எழுத்து ஆழமாக, கூர்மையாகப் பதிந்திருந்தது. நடுவில் ஒரு வரி இடம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. அதற்குமேல் அங்கே நிற்க மனம் வராமல், “நீங்க ஓட்டுங்க, வந்துடறேன்,” என்று சொல்லிவிட்டுத் தாள் அடுக்கியிருக்கும் பின்னறைக்குப் போனாள்.

போய்ப் பிரார்த்தனை செய்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாள்கட்டுகளுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து, கல்யாணம் செய்துகொள்ளும் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் நல்ல மனதுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று கேட்டாள். கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டே, மண்டபத்தில் ஏதாவது ஓரத்தில் தானும் நிற்க வேண்டும் என்றாள். மெஷின் சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு ‘ஆகட்டும், ஆகட்டும்’ என்பதுபோல் ஆறுதலாக இருந்தது.

அவள் எழுந்து வந்தபோது பாதிக்குமேல் அடித்து முடிந்திருந்தது. தட்டின் மேலிருந்த கார்டை எடுத்தாள். கணவரின் பெயருக்கு நேர் கீழே, வரியின் நீளத்துக்கு, தடித்த கறுப்புப் பட்டை ஒன்று விழுந்திருந்தது.

“நிறுத்துங்க.”

அவர் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கார்டை வாங்கிக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, “என் கண்ணுல மண்ணு விழ,” என்றார்.

“உங்க கண்ணு என்ன பண்ணும்? குலுக்கிப் பார்க்கவான்னு கேட்டீங்களே.”

இருவரும் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க உட்கார்ந்தார்கள். ஆரம்பத்தில் அடித்தவை சுத்தமாக இருந்தன. பிறகு ஒரு புள்ளி, பிறகு ஒரு கீற்று, பிறகு பட்டை. கெட்டதுதான் அதிகம். அந்தத் தாள் சொல்லி வைத்துச் செய்வித்தது, உடனே கிடைக்காது. என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் நின்றது.

அந்தப் பெண் முதலில் வந்தாள். பின்னால் மகன். கார்டு இங்கே அடிக்கும் விஷயத்தை அன்று காலையில்தான் அவனிடம் சொல்லியிருக்கிறாள். கார்டைக் கண்ணால் பார்த்தால் கோபம் கரைந்துவிடும் என்று நம்பிக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். அவன் கொஞ்சம் இளைத்திருந்தான். காதோரம் நரை தெரிந்தது. அம்மாவுக்கு அதைத்தான் முதலில் பார்க்கத் தோன்றியது.

“வாப்பா,” என்றாள்.

அவன் காயவைக்கும் பலகையில் பரப்பியிருந்த கார்டுகளில் ஒன்றை எடுத்தான். நல்லதாக ஒன்றை எடுத்திருக்கலாம். கை போன இடம் அப்படி.

பட்டைமேல் விரலை ஓட்டிப் பார்த்தான்.

“இது என்ன?”

“கட்டை எழும்பிடுச்சுப்பா. நான்தான் சரியா இறுக்கல.”

“எங்க அப்பா பேருக்குக் கீழ எந்தக் கட்டை எழும்பும்? இங்க என்ன இருந்துச்சு?”

அவளுக்குப் பொய் சொல்ல வராது. “என் பேரை வச்சேன். அப்புறம் உன்னைக் கேக்காம வைக்கக்கூடாதுன்னு எடுத்துட்டேன்.”

“எடுத்துட்டுக் கறுப்பு அடிச்சிருக்கீங்க. ஊரே படிக்கணும், மகன் அம்மா பேரை அழிச்சுட்டான்னு. அதானே?”

“ஐயோ, அது வெறும் இடம்பா. ஒண்ணுமில்லாத இடம்.”

“ஒண்ணுமில்லாத இடத்துக்கு எதுக்கு மை?”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஈயம், உயரம், ஆட்டம் என்று ஒரு மணிநேரம் விளக்கக்கூடிய பதில். அவன் சின்னப்பிள்ளையாக இருந்தபோது இந்த எழுத்துப்பெட்டிகளுக்கு நடுவே வளர்ந்தவன்தான். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் வாய் மூடிக்கொண்டது. நம்ப விரும்பாதவனிடம் உண்மையைச் சொன்னால் அது சமாளிப்பாகத்தான் கேட்கும்.

“தம்பி,” என்று தொடங்கினார் மெஷின்காரர், “மெஷின் ஓட்டினது நான். தப்பு என்மேல...”

“உன்கிட்ட நான் பேசல.”

அந்தப் பெண் அழுதுகொண்டே அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். “நான்தாங்க சேர்க்கச் சொன்னேன். அத்தை மாட்டேன்னாங்க. என்னைத் திட்டுங்க.”

“உன்னை எதுக்குத் திட்டணும்? உனக்கு இவங்களைப் பத்தி என்ன தெரியும்?” என்றவன், அச்சகக்காரியைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக் கேட்டான். “நல்லது எவ்வளவு இருக்கு?”

“பாதிகூடத் தேறல. தாள் வந்ததும் மிச்சத்தை அடிச்சு...”

“வேண்டாம். இருக்கிறதைக் குடுங்க. கூப்பிடற ஆளைக் குறைச்சுக்கறோம்.”

அவள் சுத்தமான கார்டுகளை எண்ணெய்த்தாளில் சுற்றி இரண்டு பெட்டிகளில் அடுக்கினாள். ஒன்றைக்கூடத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெண் கொடுத்திருப்பாள். மூடியை அழுத்தும்போது, “நல்லா இருங்க,” என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் குனிந்து அவள் மைக்கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் அதற்குள் வெளியே போயிருந்தான்.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மெஷின்காரர் கார்வரை போனார். அவள் எழுந்து ஜன்னலுக்குப் போகவில்லை. கார் கிளம்பிய சத்தம் கேட்டது. பிறகு தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

அவர் திரும்பி வந்து, எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“பேசினான்,” என்றார்.

“யாரு?”

“உன் மகன்தான். எங்கிட்ட.”

“என்ன சொன்னான்?”

“படியில கொஞ்சம் தடுமாறிட்டேன். மேல் பெட்டியைக் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டு, ‘விடுங்க, நான் எடுத்துக்கறேன்’னான். ‘விடுங்க’ன்னான். ‘விடு’ன்னு சொல்லல.”

இரக்கம் சில நாளில் இவ்வளவு சின்னதாகத்தான் வந்து நிற்கிறது. ஒரு அட்டைப்பெட்டியின் கனம்தான் அதற்கு. அதைக் கொண்டுவந்து கொடுத்தவரின் முகம் பரிசு கொண்டுவந்தவரின் முகம்போல் இருந்தது. அவர் மனம் நோகக்கூடாதே என்று அவள் தலையாட்டினாள். அதை வைத்துக்கொண்டு அந்தக் கல்யாண நாளை எப்படித் தாண்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கும் காலையில் எழுந்து கதவைத் திறக்க வேண்டும். யாராவது வந்து சுவரைப் பார்ப்பார்கள், தாளைத் தடவுவார்கள். கடவுளைக் குறைசொல்ல அவளுக்கு வரவில்லை. இனி எதைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றாள்.

அவர் சொன்னார். மகனின் குரலிலேயே சொல்லப் பார்த்தார். வரவில்லை.