வளைவுக்குப் பின்னால் ஒரு சங்கிலி

என் தம்பி சைக்கிள் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கூட்டிப்போகும் ஜல்லிப்பாதை சவாரிகளுக்கு எங்கள் பக்கம் நல்ல பெயர். ஆற்றோரமாக, காட்டுக்குள்ளே, மலை விளிம்பில் என்று மொத்தம் இருபத்திரண்டு பாதைகள். அத்தனையும் நான் ஓட்டிப் பார்த்துப் பதிவு செய்தவை. ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் ஜிபிஎஸ் நான் போகிற வழியை ஒரு கோடாகப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே நாய் துரத்தும், எங்கே சக்கரம் புதையும் என்று அந்தக் கோட்டின் மேல் குறித்து அவனுக்கு அனுப்புவேன். அவன் கடைப் பெயரைப் போட்டு வெளியிடுவான். அதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை. கூடப்பிறந்தவன்தானே.

எனக்கு வேலை மருத்துவமனை ஆய்வகத்தில், ரத்தம் எடுப்பது. குழாயில் பெயர் எழுதாமல் அடுத்த ஆளைக் கூப்பிட மாட்டேன். அப்படிப்பட்ட நான்தான் மரக்கிடங்குப் பாதையில் அந்தச் சங்கிலியைக் குறிக்காமல் விட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பாதை ஆற்றுப் பாலத்தில் தொடங்கி, காட்டுக்குள் ஏழு கிலோமீட்டர் ஏறி, மலை உச்சியில் முடியும். இரண்டு கிலோமீட்டர் ஏறியதும் ஒரு வளைவு வரும். வளைவுக்குச் சற்று முன்னால் இரண்டு இரும்புத் தூண்கள், குறுக்கே தொடை உயரத்துக்கு ஒரு தடித்த சங்கிலி. திருட்டு மரம் ஏற்றும் லாரிகள் போகக்கூடாது என்று வனத்துறை போட்டது. துருப்பிடித்து மண் நிறத்துக்கே வந்துவிட்டது. நான் ஏறிப் போனபோது நடக்கிற வேகம்தான். சங்கிலியைப் பார்த்தேன், இறங்கினேன், சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன், தண்ணீர் குடித்தேன், போய்விட்டேன். ஏறுகிறவளுக்கு அது மூச்சு வாங்க ஒரு சாக்கு. குறிக்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பிரேக் கட்டை வாங்கக் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் புதுப் பலகை, பளபளவென்று லேமினேஷன் செய்தது. என் மரக்கிடங்குப் பாதைதான். மறுநாள் சவாரி, அறுபது பேர் என்று மேலே எழுதியிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். ஏதோ உறுத்தியது.

"அம்பெல்லாம் ஏன்டா கீழ பாக்குது?"

"திருப்பிட்டேன்க்கா. ஒரு பட்டன்தான். ஏத்தம்னு போட்டா ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். இறக்கம்னு போட்டதும் ரெண்டு நாள்ல அறுபது பேரு."

மேலே போக வேனுக்குச் சொல்லியாகிவிட்டதாம். உச்சியில் இறக்கிவிட்டால் ஆறு வரைக்கும் மிதிக்கவே வேண்டாமாம்.

"நீ ஓட்டிப் பாத்தியா?"

"அதான் நீ ஓட்டிட்டியே."

அந்த இறக்கத்தில் ஜல்லிமேல் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வருவார்கள். வளைவு திரும்பியதும் சங்கிலி. ஜல்லியில் பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கும், சைக்கிள் நிற்காது. விவரமாகச் சொன்னேன். "நீ குறிக்கலையே" என்றான்.

"குறிக்கல. என் தப்புதான். இப்ப சொல்றேன்ல?"

திரும்பவும் ஏற்றமாக மாற்றச் சொன்னேன். முடியாது, பலகையே அடித்தாகிவிட்டது என்றான். அவன் எதிரிலேயே வனக்காவலருக்குப் போன் போட்டேன். சாவி அதிகாரியிடம் இருக்கிறது, அதிகாரி திங்கட்கிழமைதான் வருவார் என்றார் அவர். கடைசியில் தம்பி, ஆள் நிறுத்துகிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவன் பார்த்துக்கொள்கிற லட்சணம் எனக்குத் தெரியும். அம்மா வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் ஒரு தடவை அவன்தான் பார்த்துக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்கும் எங்களோடு பேசுவதில்லை.

அதனால் சவாரிக்கு வருகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நானே எழுதினேன். நாளைய பாதையில் சங்கிலி இருக்கிறது, வளைவுக்கு முன்பே இறங்கி நடங்கள் என்று இரண்டே வரி. காய் நறுக்கி முடித்துவிட்டுப் பார்த்தால் அதைக் காணோம். அவன்தான் அழித்திருந்தான். போன் செய்து கேட்டால், படிக்கிறவர்கள் பயந்து வராமல் போய்விடுவார்களாம், காலையில் வாயால் சொல்லிக்கொள்கிறானாம். நான் கத்திய கத்தலில் என் வீட்டுக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"அவன்கிட்ட கத்தி தொண்டையக் கெடுத்துக்காத. காலையில நீயே போய் நில்லு."

போனேன். காலை ஏழரைக்கெல்லாம் ஆற்றுப் பக்கமிருந்து மிதித்து ஏறினேன். சங்கிலிப் பக்கம் ஓர் ஆள் இல்லை. சங்கிலியின் நடுவில் சிவப்பாக ஏதோ ஆடியது. கிட்டே போய்ப் பார்த்தால் ரிப்பன், கேக் பெட்டியில் கட்டுவார்களே அது. அழகாகப் பூ முடிச்சுப் போட்டிருந்தது. கட்டியவன் கீழேயிருந்து வந்து, கீழேயிருந்தே பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். சைக்கிளைச் சங்கிலிக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்துவிட்டு, வளைவைத் தாண்டி ஏறி, திரும்பி நடந்து வந்து பார்த்தேன். வளைவு முடிகிற வரைக்கும் ரிப்பனும் தெரியவில்லை, சங்கிலியும் தெரியவில்லை. மரநிழல் வேறு. தெரிந்த இடத்திலிருந்து அடி வைத்து எண்ணினேன். பதினைந்து அடி.

நேரான பாதையில் இன்னும் மேலே போய், சைக்கிளைக் குறுக்கே படுக்க வைத்து, என் மஞ்சள் மழைச்சட்டையை அதன்மேல் விரித்துவிட்டு, அதற்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். எட்டே முக்காலுக்கு ஜல்லி நெரிபடும் சத்தம் கேட்டது. முதலில் வந்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

"அக்கா, வழிய விடு!"

நான் நகரவில்லை. பிரேக்கை இறுக்கினான். பின்சக்கரம் ஒரு பக்கம் வழுக்கியது, இவன் இன்னொரு பக்கம் விழுந்து, சறுக்கிக்கொண்டே என் காலடிக்கு வந்து சேர்ந்தான். முழங்கை உரிந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் தூரத்திலேயே பார்த்துவிட்டதால் நிறுத்திக்கொண்டார்கள்.

பைத்தியமா என்று என்னைக் கேட்டுக்கொண்டே எழுந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து வளைவு வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனேன். சங்கிலியைப் பார்த்தான். பிறகு தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டான்.

"ரிப்பன் கட்டச் சொன்னேனே" என்றான்.

"சங்கிலிக்குப் பொறந்தநாளா, ரிப்பன் கட்ட?"

சவாரிக்கு வந்து, எங்கள் பின்னாலேயே நடந்து வந்த பேக்கரிக்காரர் ஒருவரிடம், காலையில் சங்கிலியைப் பற்றி இவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, போன வருஷம் மூட்டு மாற்றியவர்.

"சங்கிலியா? கீழ போனா காபி எங்க நல்லா இருக்கும்னு சொன்னாருங்க."

அறுபது சைக்கிள்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி அந்தப் பக்கம் கொடுத்தோம். ஒரு மணி நேரம் ஆனது. தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். சரி, திருந்தினால் போதும் என்று விட்டேன்.

சாயங்காலம் குழுவைத் திறந்தால் ஒரு படம். மஞ்சள் மழைச்சட்டை, விரித்த கையோடு நான். கீழே அவன் எழுதியிருந்தான்: "பாதுகாப்பில் எங்களிடம் சமரசமே கிடையாது. ஆபத்தான வளைவில் என் சொந்த அக்காவையே நிறுத்தியிருந்தேன்." அதற்கு அறுபது பேருக்கு மேல் இதயம் போட்டிருந்தார்கள். சவாரிக்கு வராதவர்களும் போட்டிருந்தார்கள். பலகையில் இருக்கும் அதே இறக்கப் பாதையை யார் வேண்டுமானாலும் போனில் இறக்கிக்கொள்ளலாம் என்று ஃபைலையும் சேர்த்துப் போட்டிருந்தான். அதில் சங்கிலி இல்லை.

என்னை யாரும் நிறுத்தவில்லை என்று எழுதினேன். நாலு நிமிஷத்தில் அழித்தான். மறுபடி எழுதினேன். குழுவிலிருந்தே என்னை எடுத்துவிட்டான்.

திங்கட்கிழமை வேலை முடிந்து, ஆய்வகக் கோட்டோடு நேராகக் கடைக்குப் போனேன். கடையில் ஓர் அம்மா டயர் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி முழங்கையில் கட்டோடு, வா அக்கா என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி. நான் கல்லாவைச் சுற்றி உள்ளே போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். பையிலிருந்து மார்க்கரை எடுத்து, பலகையில் அந்த வளைவின் மேல் கருப்பாக ஒரு சங்கிலி வரைந்தேன். பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "இங்கே சங்கிலி. நான் குறிக்காமல் விட்டேன். இவன் ஓட்டிப் பார்க்காமல் திருப்பினான். இறங்கி நடங்கள்."

அவன் துணியில் ஸ்பிரிட்டை நனைத்துக்கொண்டு ஓடிவந்தான். தேய்த்தான். பலகை இன்னும் பளபளப்பானது, எழுத்து அப்படியே இருந்தது.

"போகாதுடா. ரத்தக் குழாயில எழுதற மார்க்கர் அது. ஸ்பிரிட்டுக்குப் போச்சுன்னா ஒருத்தன் ரத்தம் இன்னொருத்தன் பேருக்குப் போயிடும்."

டயர் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கிட்டே வந்து முழுவதையும் வாய்விட்டுப் படித்தார். தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். அதே ஃபைலை நேற்றுத்தான் இறக்கி வைத்தேன் என்றார், தம்பியைப் பார்த்து. அவன் ஈரத்துணியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"கீழேர்ந்து ஏறிப் போனா ஒண்ணும் ஆகாதுங்களா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"ஏறிப் போங்க. மூச்சு வாங்கும், அவ்வளவுதான்."

ஸ்டூலை விட்டு இறங்கினேன். சனிக்கிழமை வாங்க வந்த பிரேக் கட்டையை அன்றைக்கும் வாங்கவில்லை. இன்னொரு கடையில் வாங்கிக்கொண்டேன்.